பிராட்வேயில் ஒரு காடு

லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துப் பழைய பிராட்வே தெரு எனக்குக் காது வழியாகத்தான் ஞாபகத்தில் இருக்கிறது. எண்பதுகளில் அது ஸ்பானிய மொழி பேசுகிறவர்களின் கடைத்தெரு. கல்யாண உடுப்புக் கடை, செருப்புக் கடை, கேசட் கடை என்று வாசலுக்கு வாசல் ஒலிபெருக்கி வைத்திருப்பார்கள். ஒரு கடையின் கும்பியா பாட்டு முடிவதற்குள் பக்கத்துக் கடைப் பாட்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிடும். நடைபாதையில் நின்று கைதட்டிக் கூப்பிடும் பையன்கள், பேருந்துகளின் உறுமல், அங்கங்கே உரத்த குரலில் வேதாகமம் வாசிக்கும் போதகர்கள். அந்த இரைச்சலுக்கு நடுவில் ஒரு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். ஒலிநாடா அல்ல, நிஜத் தண்ணீர். அதோடு தட்டுகள் ஒன்றோடொன்று மோதும் சத்தமும்.

648, தெற்கு பிராட்வே. கிளிஃப்டன்ஸ் கேஃபடீரியாவின் புரூக்டேல் கிளை.

வெளியே நின்று பார்க்கிறவர்களுக்கு உள்ளே இப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. 1963-இல் கட்டடத்தின் முகப்பை உலோகத் தட்டியால் மூடிவிட்டிருந்தார்கள். வாசலுக்கு முன்னால் நடைபாதையில் மட்டும் வண்ணக் கற்பொடி பதித்து, கலிபோர்னியாவில் பார்க்கத் தகுந்த இடங்களை வட்ட வட்டமாக வரைந்திருந்தார்கள். அவசரமாகப் போகிறவர்கள் அவற்றின்மேல் மிதித்துக்கொண்டு போவார்கள். எனக்கு அதை மிதிக்க மனம் வராது. ஓரமாகத்தான் நடப்பேன்.

உள்ளே இரண்டு மாடி உயரக் கூடம். தூண்களுக்கெல்லாம் ரெட்வுட் மரப்பட்டையைப் போர்த்தி மரங்களாக்கியிருந்தார்கள். சுவர் நெடுக ஐனார் பீட்டர்சன் என்ற ஓவியர் தீட்டிய காடு. ஒரு பக்கம் சுமார் இருபதடி உயரத்திலிருந்து அருவி விழுந்து, ஓடையாகி, சாப்பாட்டு மேசைகளின் ஓரமாக ஓடும். பாறை இடுக்குகளில் கரடி, மான், மீன் பிடிக்கும் ரக்கூன். உச்சிப் பாறைமேல் ஓர் ஆள் மட்டுமே நுழையக்கூடிய சின்ன ஜெபக்கூடம், அதற்கு ஒரு நியான் சிலுவை. இந்தக் காட்டுக்கு மூலம் சான்டா குரூஸ் மலைகளில் இருந்த புரூக்டேல் லாட்ஜ் என்ற விடுதி. அங்கே உண்மையாகவே சாப்பாட்டுக் கூடத்துக்கு நடுவே ஒரு நீரோடை ஓடும். அந்த மலைப்பக்கத்தின் நினைவைத்தான் கிளிஃப்டன்ஸை நடத்தியவர் நகரத்துக்குத் தூக்கிவந்திருந்தார். உணவகம் 1935-இல் திறந்தது. காடு 1939-இல் வளர்ந்து முடிந்தது.

நான் அங்கே முதலில் போனது காட்டுக்காக அல்ல, பசிக்காக. ஹில் தெருப் பக்கம் ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை. ஊரிலிருந்து புதிதாக வந்த சைவக்காரனுக்கு அந்தக் காலத்து அமெரிக்க உணவகம் ஒரு தேர்வு எழுதும் இடம். அட்டையில் அச்சடித்த பெயர்களுக்குள் எதில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது. பரிமாறுகிற பெண் பென்சிலோடு காத்திருப்பார். கேட்கவும் கூச்சம், கேட்காமல் வாங்கவும் பயம். கேஃபடீரியாவில் அந்தத் தொல்லையே கிடையாது. கதவுக்குள் நுழைந்ததும் ஒரு தட்டை எடுத்து, பளபளவென்று ஓடும் குழாய்த் தண்டவாளத்தின்மேல் வைத்துத் தள்ளிக்கொண்டே போகவேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாம் கண்ணுக்குத் தெரிய இருக்கும். காரட்டும் உலர்திராட்சையும் கலந்த சாலட், வேகவைத்த பீன்ஸ், மசித்த உருளைக்கிழங்கு, மக்ரோனி, சோள ரொட்டி, பல நிறங்களில் பழப் பை. விரலால் காட்டினால் போதும், ஒரு கரண்டி விழும். மொழி தேவையில்லை. நாடு தேவையில்லை. எனக்குமுன் நிற்கும் பெரியவரும் விரலால்தான் காட்டுவார். அவர் ஸ்பானிய மொழிக் கடைகளுக்கு முந்திய பிராட்வேயைப் பார்த்தவராக இருப்பார்.

காய்கறிப் பகுதியில் நின்ற அம்மாள் மெக்சிகோக்காரர். என்னை 'மிஹோ', அதாவது மகனே, என்றுதான் கூப்பிடுவார். என் தட்டில் இறைச்சி இல்லாததைக் கவனித்துக்கொண்டு, கேட்காமலேயே இரண்டாவது கரண்டி பீன்ஸ் போடுவார். பந்தியில் நம் இலையைப் பார்த்தே நம் பசியைத் தெரிந்துகொள்ளும் சில பெரியவர்கள் இருப்பார்களே, அந்த ஜாதி. அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாமே என்று இன்றும் தோன்றுகிறது.

மேல்தளத்தில் ஓடைக்கு எதிரே ஒரு மேசையில் தினமும் ஒரு முதியவர் இருப்பார். ரெட் கார் என்று அழைக்கப்பட்ட பழைய மின்சார ரயிலில் நடத்துநராக இருந்தவர். அந்த ரயில்கள் 1961-இல் நின்றுபோயின. அவருடைய ஞாபகத்தில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. ஒருநாள் நான் அருவியைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டுவிட்டு, இதையே அதிசயமாகப் பார்க்கிறாயே, ஆலிவ் தெருவில் இருந்ததை நீ பார்க்கவில்லையே என்றார். அதற்குப்பிறகு நான் சாப்பிட்டது பாதி, கேட்டது பாதி.

ஆலிவ் தெரு 618-ஆம் எண். கிளிஃப்டன்ஸின் முதல் கடை அதுதான். 1931-இல் திறந்தது. 1939-இல் அதைத் தென்கடல் தீவாக மாற்றி, பசிபிக் சீஸ் என்று பெயரிட்டார்கள். கட்டடத்தின் முகப்பிலேயே அருவி. உள்ளே பனைகள், நியான் விளக்கில் பூத்த பெரிய பெரிய பூக்கள், ஓலை வேய்ந்த குடிசைகள். அதில் ஒரு குடிசைக்கு மழைக்குடிசை என்று பெயர். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அதன் கூரைமேல் மழை பெய்யும். லாஸ் ஏஞ்சலிஸில் வருஷத்தில் பெரும்பகுதி வானம் வறண்டு கிடக்கும். அந்த ஊரில் ஒரு கோப்பை காப்பியோடு உட்கார்ந்து மழைக்குக் காத்திருக்கலாம், மழையும் தவறாமல் வரும் என்றால் யாருக்குத்தான் எழுந்து போக மனம் வரும்? எலுமிச்சைச் சாறு இலவசம் என்று முதியவர் சொன்னார். லைம் ஷெர்பட்டும் இலவசம். வேலை தேடி அலைந்த நாட்களில் அந்தச் சாற்றைக் குடித்துவிட்டு மழைக்குடிசைக்குள் உட்கார்ந்திருந்ததாகவும், யாரும் வந்து எழுந்திரு என்று சொல்லவில்லை என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் மாறியது. பசிபிக் சீஸ் 1960-இல் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. அந்த இடம் கார் நிறுத்துமிடமானது.

பார்க்காத இடத்துக்காக ஏங்க முடியுமா என்று அதற்குமுன் கேட்டிருந்தால் முடியாது என்றிருப்பேன். அந்த மழைக்காக இன்றும் ஏங்குகிறேன்.

இவ்வளவையும் கட்டியவர் கிளிஃபோர்ட் கிளிண்டன். பெற்றோர் சால்வேஷன் ஆர்மி ஊழியர்கள், பிற்பாடு சான் பிரான்சிஸ்கோவில் உணவகம் நடத்தியவர்கள். சிறுவனாக அவர்களோடு சீனாவுக்குப் போயிருந்தபோது பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தார். பசியால் சாகும் மனிதர்களைப் பார்த்த சிறுவன் அதை மறக்கவே இல்லை. 1931-இல், பொருளாதாரப் பெருமந்தம் நாட்டை அடித்துப்போட்டிருந்த வேளையில், லாஸ் ஏஞ்சலிஸுக்கு வந்து கடை திறந்தார். தன் பெயரின் தலையையும் குடும்பப் பெயரின் வாலையும் சேர்த்து கிளிஃப்டன்ஸ் என்று வைத்தார். உனக்குப் பிறர் என்ன செய்யவேண்டும் என்று விரும்புவாயோ அதையே பிறருக்குச் செய் என்ற பொன்விதிதான் கடையின் சட்டம். அதை அவர் சுவரில் மாட்டிவைத்ததோடு நிறுத்தவில்லை. உங்களுக்கு எவ்வளவு தோன்றுகிறதோ அவ்வளவு கொடுங்கள், சாப்பாடு பிடிக்கவில்லையென்றால் கொடுக்கவே வேண்டாம் என்று அறிவித்தார். கையில் காசில்லாதவரைத் திருப்பி அனுப்பக்கூடாது என்பது ஊழியர்களுக்குக் கட்டளை.

மூன்று மாதத்துக்குள் 10,000 பேர் இலவசமாகச் சாப்பிட்டதாகக் கிளிஃப்டன்ஸின் வரலாறு சொல்கிறது. கூட்டம் தாங்காமல் போனபோது கிளிண்டன் கொள்கையைக் கைவிடவில்லை. வேறோர் இடத்தில், கட்டடத்தின் அடித்தளத்தில், ஒரு சென்ட் உணவகம் திறந்தார். ஒரு சென்டுக்கு ஒரு பண்டம். இரண்டு ஆண்டுகளில் சுமார் 20 லட்சம் சாப்பாடுகள் அங்கே பரிமாறப்பட்டன. அவர் வியாபாரியும்தான். பெரிய கடை மூழ்கினால் சின்னக் கடையும் மூழ்கும் என்று தெரிந்தவர். மேசைக்கு வந்து பரிமாறும் ஆட்கள் தேவைப்படாத கேஃபடீரியா முறையும் மலிவான காய்கறிச் சமையலும் நாள் முழுக்க ஓடும் வரிசையும் இருந்ததால்தான் இந்தத் தர்மம் கணக்கில் நின்றது. காசுள்ளவர்கள் பெரும்பாலும் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள்.

அந்தக் காட்டை நான் இப்போது வேறுவிதமாகப் புரிந்துகொள்கிறேன். அன்னதானம் செய்கிற இடங்கள் உலகெங்கும் உண்டு. வாங்குகிறவன் தலை குனிந்துதான் வாங்க வேண்டியிருக்கிறது. நீள மேசை, வெள்ளைச் சுவர், வரிசை எண், சில இடங்களில் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு பிரசங்கம். கிளிஃப்டன்ஸில் வங்கி குமாஸ்தாவும் வேலை போனவனும் ஒரே தண்டவாளத்தில் தட்டைத் தள்ளினார்கள். ஒரே அருவிக்கு எதிரே உட்கார்ந்தார்கள். யார் எவ்வளவு கொடுத்தார் என்பது அவருக்கும் காசாளருக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. கண் எல்லாம் மரத்தின்மேலும் கரடியின்மேலும் இருந்தது. அடுத்தவன் தட்டைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. அழகான இடத்தில் உட்கார்த்திச் சோறு போடுவது சோற்றைவிடப் பெரிய மரியாதை. கிளிண்டன் அதைத் தெரிந்தேதான் செய்திருக்கிறார் என்று நம்புகிறேன். கறுப்பின மக்களுக்குப் பல உணவகங்களின் கதவு மூடியிருந்த காலத்தில் கிளிஃப்டன்ஸ் எல்லா நிறத்தாரையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்தது. கறுப்பினப் பயணிகள் நம்பிப் போகக்கூடிய இடங்களைச் சொல்லும் கிரீன் புக் என்ற கையேட்டிலும் அது இடம்பெற்றது. வெள்ளை வாடிக்கையாளர்களில் முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். கிளிண்டன் அவர்களுக்காக இறங்கிவரவில்லை.

இப்படிப்பட்டவரை ஊர் கொண்டாடியிருக்கும் என்று நினைப்போம். அவர் வீட்டில் குண்டு வெடித்தது. நகர நிர்வாகத்தின் ஊழலை விசாரிக்கப் புகுந்து, சூதாட்ட விடுதிகளுக்கும் காவல்துறைக்கும் மேயர் ஃபிராங்க் ஷாவின் ஆட்களுக்கும் இருந்த தொடர்பை வெளிக்கொண்டுவந்ததற்கு வந்த பதில் அது. 1937 அக்டோபரில் அவர் வீட்டுச் சமையலறைப் பக்கம் குண்டு வைத்தார்கள். குடும்பம் தப்பியது. அடுத்த ஜனவரியில் அந்த விசாரணையில் உதவிய ஹாரி ரேமண்ட் என்ற துப்பறிவாளரின் காரில் குண்டு வெடித்தது, அவரும் படுகாயத்தோடு பிழைத்தார். காவல்துறை அதிகாரி ஒருவர் அதற்காகச் சிறைக்குப் போனார். 1938 செப்டம்பரில் மக்கள் வாக்களித்து ஷாவைப் பதவியிலிருந்து திரும்ப அழைத்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் மேயர் ஒருவர் இப்படி நீக்கப்பட்டது அதுவே முதல்முறை. தன் வீட்டில் குண்டு வெடித்த இரண்டாம் ஆண்டில்தான் கிளிண்டன் அருவியும் ஓடையும் மழையும் கட்டி முடித்திருக்கிறார். முதியவர் இதையெல்லாம் சொல்லும்போது என் பீன்ஸ் ஆறிப்போயிருக்கும்.

வியாழக்கிழமைக் கதையும் அவரிடம் கேட்டதுதான். முப்பதுகளின் கடைசியில் அறிவியல் புனைகதைப் பித்துப் பிடித்த இளைஞர்கள் சிலர் வாரந்தோறும் வியாழக்கிழமை புரூக்டேலின் மாடியறையில் கூடுவார்கள். மேலே போய்க் கதை பேசினால் போதும், ஒருவரும் துரத்துவதில்லை. அந்தக் கூட்டத்துக்கு 1937-இல் வந்து சேர்ந்த ஏழைப் பையன் ரே பிராட்பரி. கல்லூரிக்குப் போகப் பணமில்லாமல் நூலகத்தில் படித்தவர், தெருமுனையில் செய்தித்தாள் விற்றவர். நாளைக்கு எழுத்தாளனாகப் போகிறவன் என்று யாருக்கும் தெரியாத ஒரு பையனுக்கு உட்கார ஒரு நாற்காலி கொடுத்தது அந்த இடம். 2009-இல் தன் 89-ஆவது பிறந்தநாளைக் கொண்டாட பிராட்பரி அங்கேதான் வந்தார். அந்தச் செய்தியைப் படித்தபோது நான் வேறு ஊரில் இருந்தேன். முதியவர் இருந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

என்னை ஊர்ப்பக்கம் இழுத்துக்கொண்டு போன கதை இன்னொன்று. கிளிண்டன் 1940-களில், சில சென்டுக்குள் ஒரு வேளைச் சத்துணவு தயாரிக்க முடியுமா என்று கால்டெக் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியலாளர் ஹென்றி போர்சூக்கிடம் கேட்டார். செலவுக்குப் பணமும் கொடுத்தார். சோயாவை அடிப்படையாகக் கொண்டு பல்நோக்கு உணவு என்ற பொடி பிறந்தது. 1946-இல் அதைப் பசித்த நாடுகளுக்கு அனுப்ப 'மீல்ஸ் ஃபார் மில்லியன்ஸ்' என்ற அறக்கட்டளை தொடங்கப்பட்டது. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் நம் மண்ணுக்கேற்ப இந்தியப் பல்நோக்கு உணவைத் தயாரித்தது. நிலக்கடலை மாவு முக்கால் பங்கு, வறுத்த கடலைப்பருப்பு மாவு கால் பங்கு, மேற்கொண்டு வைட்டமினும் கால்சியமும். உணவறிவியல் படித்தவர்கள் பாடப்புத்தகத்தில் இந்த விகிதத்தை மனப்பாடம் செய்திருப்பார்கள். சீனாவில் ஒரு சிறுவன் பார்த்த பசி, பிராட்வே ஓடைக்கரை வழியாக நம்மூர் நிலக்கடலை வரை வந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட நாளில் எனக்கு அந்த மெக்சிகோ அம்மாளின் இரண்டாவது கரண்டிதான் ஞாபகம் வந்தது.

கிளிண்டன் 1969-இல் காலமானார். குடும்பம் அதற்குப்பின்னும் நாற்பது ஆண்டுகள் கடையை இழுத்துக்கொண்டு வந்தது. நகரத்தின் பணம் மேற்கே போய்விட்டது, பழைய வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். நான் போய்க்கொண்டிருந்த ஆண்டுகளிலேயே மேல்தளத்து மேசைகள் பாதி காலியாக இருக்கும், கரடியின் மூக்கில் சாயம் உதிர்ந்திருக்கும். 2010-இல் கடை கைமாறியது. வாங்கியவர் ஆண்ட்ரூ மெய்ரன். அவர் அந்த இடத்தை நேசித்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உலோகத் தட்டியைப் பிரித்துப் பழைய முகப்பை வெளியே கொண்டுவந்தார். வேலை நடந்துகொண்டிருந்த 2012-இல் ஒரு சுவரைத் திறந்தபோது, மறந்துபோன ஒரு நியான் விளக்கு உள்ளே எரிந்துகொண்டிருந்தது. எப்போதோ யாரோ மறைத்துச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள், இணைப்பைத் துண்டிக்கவில்லை. 77 ஆண்டுகளாக எரிந்திருக்கவேண்டும் என்று கணக்கிட்டார்கள். நான் அங்கே சாப்பிட்ட ஒவ்வொரு மதியமும் அது அந்த இருட்டில் எரிந்திருக்கிறது. முதியவர் வேலை தேடிய காலத்திலும், பிராட்பரி மாடியேறிய வியாழக்கிழமைகளிலும்.

2015-இல் மறுபடி திறந்தார்கள். கட்டடத்தின் நடுவில் பல மாடிகளைத் துளைத்துக்கொண்டு நிற்கும் பிரம்மாண்டமான ரெட்வுட் மரம் எழுந்திருந்தது. உயிரோடு இருப்பவைபோல் பாடம் செய்த மிருகங்கள், மாடிதோறும் மதுக்கூடம். கீழே கேஃபடீரியா வரிசையையும் வைத்திருந்தார்கள். அந்த வருஷம் நான் போனேன். தட்டைத் தள்ளிக்கொண்டு போனபோது கண் கலங்கியது. பக்கத்தில் நின்ற இளம்பெண் மரத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அவரும் சந்தோஷமாகத்தான் இருந்தார். 2018-இல் அந்த வரிசையை நிறுத்திவிட்டார்கள். மதுக்கூடங்கள் மட்டும் தொடர்ந்தன. கொரோனா வந்து அவற்றையும் பூட்டியது. அதற்குப்பின் திறப்பும் மூடலுமாகக் காலம் போனது.

மரங்கள் முன்னைவிட உயரமாகத் திரும்ப வந்தன. வரிசை திரும்ப வரவில்லை. அந்தக் கூடத்தில் விலையில்லாத இருக்கை என்று ஒன்று இல்லாமல் போனபிறகு, காடு வெறும் பார்வைப் பொருளாகிவிட்டது. எனக்கு இதில் யார்மேலும் கோபமில்லை. நகர மையத்தில் அப்படிப்பட்ட கட்டடத்தைச் சோள ரொட்டியும் பீன்ஸும் விற்று நடத்துவது எவ்வளவு கடினம் என்று தெரியும். கிளிண்டன் காலத்திலும் அது கடினமாகத்தான் இருந்தது.

என்றாவது ஒருநாள் யாராவது அந்தக் கதவை முழுதாகத் திறப்பார்களானால் அவர்களிடம் சொல்ல எனக்கு ஒன்று இருக்கிறது. அருவியைப் பிறகு சரி செய்துகொள்ளலாம். கரடிக்குச் சாயமும் மெதுவாகப் பூசலாம். முதலில் அந்தக் குழாய்த் தண்டவாளத்தைப் போடுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் காய்கறிப் பகுதியில், கேட்காமல் இரண்டாவது கரண்டி போடுகிற ஓர் அம்மாளை நிறுத்துங்கள். கல்லாவில் உட்காருகிறவருக்கு, கையில் காசில்லாமல் வருகிறவரிடம் என்ன பேச வேண்டும், என்ன பேசக்கூடாது என்று முதல் நாளே சொல்லிக்கொடுங்கள்.